படிக்காத பிள்ளையும் அடங்காத பிள்ளையும்: எதை முதலில் சரிசெய்வது?

நான்காம் வகுப்பு எடுக்கும் ஆசிரியர் ஒருவரின் கேள்வி இது. வகுப்பில் 38 பிள்ளைகள். அதில் ஐந்து பேருக்கு இன்னும் தட்டுத்தடுமாறித்தான் வாசிக்க வருகிறது. அந்த ஐவரில் ஒரு பையன் இடத்தில் உட்காருவதே இல்லை. பக்கத்துப் பிள்ளையைச் சீண்டுகிறான், பென்சிலைப் பிடுங்குகிறான், பாடமே நின்றுபோகிறது. கண்டித்தாயிற்று, முன்வரிசைக்கு மாற்றியாயிற்று, பெற்றோரை வரவழைத்துப் பேசியாயிற்று. இதைப் படிப்புப் பிரச்சினையாகப் பார்ப்பதா, நடத்தைப் பிரச்சினையாகப் பார்ப்பதா? எதை முதலில் கையில் எடுப்பது?

படிப்பை முதலில் எடுங்கள். நடத்தையை விட்டுவிடச் சொல்லவில்லை, அதற்கும் வருகிறேன். ஆனால் வாசிக்க வராத பிள்ளை வகுப்பைக் கலைக்கிறது என்றால், அதன் வேர் பெரும்பாலும் பாடத்தில்தான் இருக்கும். ஒன்பது வயதுப் பையனின் இடத்திலிருந்து பாருங்கள். வரிசையாக ஒவ்வொருவராக எழுந்து வாசிக்கிறார்கள், இன்னும் மூன்று பேர் தாண்டினால் அவன் முறை. எழுந்து நின்று திணறினால் வகுப்பே சிரிக்கும். பக்கத்துப் பையனைக் கிள்ளினால் திட்டு விழும், வெளியே நிற்கச் சொல்வார்கள், ஆனால் வாசிக்க வேண்டியிருக்காது. 'இவன் வாலு' என்ற பெயர் 'இவனுக்கு ஒன்றும் தெரியாது' என்ற பெயரை விட அவனுக்கு எவ்வளவோ மேல். நாம் தண்டனை என்று நினைத்து வெளியே அனுப்புகிறோம், அவனுக்கு அது விடுதலை. அடுத்த வாரம் இன்னும் சீக்கிரமாகவே கிள்ளுவான்.

உங்கள் பையன் விஷயத்தில் இதுதான் நடக்கிறதா என்று ஊகிக்க வேண்டாம், எழுதிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒரு பழைய நோட்டில் மேலிருந்து கீழாகக் கோடு கிழித்து மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, நடுவில் அவன் என்ன செய்தான், மூன்றாவதில் அதற்குப் பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது. 1968இல் சிட்னி பிஜூ என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் வகுப்பறையில் பிள்ளைகளைக் கவனிக்க எழுதிவைத்த முறை இது. இன்றும் சிறப்புக் கல்வியில் முதலில் கற்றுத்தருவது இதைத்தான். நடுப் பத்தியில் 'அடங்கவில்லை', 'திமிராக நடந்தான்' என்று எழுதினால் பயனில்லை. அது நம் கோபத்தின் பதிவு. 'செய்யுளை நோட்டில் எழுதச் சொன்னேன், இரண்டு வரி எழுதினான், எழுந்து ஜன்னல் பக்கம் போனான், கூப்பிட்டேன், வரவில்லை, கணக்கு நோட்டை எடுக்கச் சொன்னதும் வந்து உட்கார்ந்தான்' என்று எழுதினால், அந்த ஒரு பதிவே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது.

இரண்டு வாரம் எழுதினால் ஏதோ ஒரு வடிவம் தெரியும். வாசிப்பு, எழுத்து வரும்போது மட்டும் நடக்கிறது, ஓவியத்திலும் விளையாட்டிலும் நடப்பதில்லை என்றால், அவன் வேலையிலிருந்து தப்பிக்கிறான். நீங்கள் வேறொரு பிள்ளையிடம் குனிந்து பேசும்போதெல்லாம் நடக்கிறது என்றால் உங்கள் கவனம் வேண்டும். கூட்டாளிகள் சிரிக்கும்போது கூடுகிறது என்றால் அவர்களின் கவனம் வேண்டும். எந்தப் பாடமானாலும், யார் இருந்தாலும், விளையாட்டு வகுப்பிலும்கூட இருக்கிறது என்றால் உடம்பிலோ கவனத்திலோ ஏதோ இருக்கலாம். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே சேட்டை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. தப்பிக்க நினைக்கும் பிள்ளையை வெளியே அனுப்புவதும், கவனம் வேண்டும் பிள்ளையை எல்லோர் முன்னாலும் நீளமாகத் திட்டுவதும், அவர்கள் கேட்டதையே கையில் கொடுப்பதுதான்.

ஒரு எச்சரிக்கை. இது எதிர்த்திசையிலும் நடக்கும். கவனம் நிற்காததால் வாசிப்பு பின்தங்கிய பிள்ளையும் உண்டு, இரண்டும் சேர்ந்தே இருக்கும் பிள்ளைகளும் நிறைய. டிஸ்லெக்ஸியா, அதாவது அறிவில் குறையில்லாமலும் வாசிப்பு மட்டும் வராத சிக்கல், உள்ளவர்களில் கால்வாசிப் பேருக்காவது ஏ.டி.எச்.டி.யும், அதாவது கவனம் நிற்காமல் துறுதுறுவென்று இருக்கும் சிக்கலும், சேர்ந்திருக்கும் என்பதுதான் பொதுவான கணிப்பு. ஆகவே ஒன்றைக் கண்டுபிடித்ததும் தேடலை நிறுத்திவிட வேண்டாம்.

பாடத்துக்குள் போவதற்கு முன் உடம்பைப் பார்த்துவிட வேண்டும். கண் பரிசோதனையைச் சொல்லவே வேண்டாம், எல்லோருக்கும் தெரியும். காதுதான் கைவிடப்படுகிறது. சிறு பிள்ளைகளுக்குச் சளி பிடித்து இறங்கும்போது நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டு வாரக்கணக்கில் நிற்பது உண்டு. வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், அடுத்த வாரம் தண்ணீருக்குள் இருந்து கேட்பதுபோல் மங்கும். அதனால்தான் 'அவனுக்கு வேண்டும் என்றால் காது கேட்கும்' என்று சொல்லிவிடுகிறோம். உங்கள் வாயையே பார்க்கும் பிள்ளை, பக்கத்துப் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டே வேலையைத் தொடங்கும் பிள்ளை, 'ஆங்?' என்று அடிக்கடி கேட்கும் பிள்ளை, இவர்களுக்குக் காது சோதனை கட்டாயம்.

இன்னொன்று, சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை சட்டென்று உறைந்து, கண் நிலைகுத்தி, பத்து நொடி கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் தொடர்வது. கூப்பிட்டாலும் தொட்டாலும் அந்த நேரத்தில் திரும்பாது. பகல் கனவு என்றால் தொட்டதும் கலைந்துவிடும். இது கலையாது. இது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். பெரும்பாலும் நான்கு முதல் பத்து வயதுக்குள் தொடங்கும், ஒரே நாளில் பல முறை வரும். கை கால் இழுக்காததால் வலிப்பு என்று யாருக்கும் தோன்றுவதில்லை. பாடத்தில் அங்கங்கே பத்துப் பத்து நொடி காணாமல் போகும் பிள்ளை எப்படித் தொடர்ந்து படிக்கும்? மருந்தில் நன்றாகக் கட்டுப்படும் நோய் இது. வீட்டில் டி.வி. ஓடும், பிள்ளை தானாக விளையாடும், கவனிக்காமல் போகலாம். தினமும் முகத்துக்கு நேராகப் பார்ப்பது வகுப்பு ஆசிரியர்தான்.

அப்புறம் தூக்கம். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும். தூக்கம் போதாத பெரியவர் சோர்ந்து விழுவார், பிள்ளைகளோ பல சமயம் துறுதுறுவென்று ஆகிவிடுவார்கள். இரத்தச்சோகை, காலையில் சாப்பிடாமல் வருவது, இதெல்லாமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவையே.

சரி, இனி வாசிப்பு.

1887இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் 'டிஸ்லெக்ஸியா' என்ற பெயரை முதலில் வைத்தார், ஆனால் அவர் பார்த்தது மூளை பாதிக்கப்பட்ட பெரியவர்களை. 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர், பதினான்கு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். சூட்டிகையான பையன், கண் நன்றாகத் தெரிகிறது, ஆனால் ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொடுத்தும் வாசிப்பு வரவில்லை. பாடம் முழுக்க வாய்மொழியாக இருந்திருந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் பதிவுசெய்திருக்கிறார். நூற்று முப்பது ஆண்டுக்கு முன் ஒரு வகுப்பாசிரியர் இவ்வளவு துல்லியமாகக் கவனித்திருக்கிறார். இன்றைக்கும் நாம் 'வாயாடத் தெரிகிறது, படிக்க மட்டும் சோம்பேறித்தனம்' என்கிறோம்.

அன்றைக்கு இதைக் கண் சம்பந்தப்பட்ட கோளாறு என்று நினைத்தார்கள். இப்போது தெரிந்திருப்பது, பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சிக்கல் ஒலியில் இருக்கிறது என்பது. பேச்சைச் சிறு ஒலிகளாகப் பிரித்துப் பிடிப்பதும், அந்த ஒலியோடு எழுத்தை நொடியில் பொருத்துவதும் கடினமாக இருக்கிறது. அறிவுத்திறனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எழுத்தைத் திருப்பி எழுதுவதுதான் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, எழுதத் தொடங்கும் வயதில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் திருப்பி எழுதும்.

தமிழ் வாசிக்கும் பிள்ளையிடம் இது எப்படித் தெரியும்? நம் எழுத்தில் சில இடங்கள் வழுக்கும். 'கெ', 'கே', 'கை' மூன்றிலும் கண்ணுக்கு முதலில் படுவது உயிரின் குறி, வாய்க்கு முதலில் வரவேண்டியது மெய். 'கொ'வில் குறி எழுத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. தடுமாறும் பிள்ளை 'கொடி'யைப் பார்த்து 'கெ' என்று தொடங்கி, பிறகு துணைக்காலைக் கண்டு 'கா' என்று மாற்றி, அதற்குள் 'டி'யை மறந்துவிடும். 'க' என்ற ஒரே எழுத்து 'கடல்', 'பகல்', 'தங்கம்' மூன்றிலும் வேறு வேறாக ஒலிக்கிறது. குறில் நெடில் குழப்பம், ல-ள-ழ, ந-ன-ண, ர-ற குழப்பம் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொஞ்ச நாள் இருக்கும். ஆனால் வகுப்பு கடந்து போன பிறகும் ஒரு பிள்ளை முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கிறது, 'பள்ளம்' என்பதைப் 'பள்ளி' என்கிறது, நேற்று சரியாக வாசித்த சொல்லில் இன்று நிற்கிறது, கரும்பலகையைச் சொல்லாகப் பார்த்து எழுதாமல் எழுத்து எழுத்தாகத் தலையைத் தூக்கித் தூக்கி எழுதுகிறது என்றால், அங்கே நிறுத்திக் கவனியுங்கள்.

இதை அறிய தனிச் சோதனை எதுவும் வேண்டாம். பிள்ளையைத் தனியே உட்காரவைத்து, எழுத்தைக் காட்டாமல், 'மரம்' என்ற சொல்லில் 'ம'வை எடுத்துவிட்டால் என்ன மிச்சம் என்று கேளுங்கள். 'படம்', 'பழம்' இரண்டும் எங்கே மாறுகின்றன என்று கேளுங்கள். 'கபோடு', 'மிலாசு' மாதிரி அர்த்தமே இல்லாத சொற்களை எழுதிக்கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். மனப்பாடத்தால் இவ்வளவு நாள் சமாளித்த பிள்ளை இங்கே நின்றுவிடும். அப்போது அவனுடைய ஓட்டை எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

தெரிந்த பிறகு செய்ய வேண்டியது அலுப்பான வேலை, ஆனால் பலன் தரும் வேலை. அந்த ஐந்து பேரையும் தினமும் பதினைந்து இருபது நிமிடம், மற்றவர்கள் எழுத்து வேலையில் இருக்கும்போது, உங்கள் பக்கத்தில் சேர்த்து உட்காரவையுங்கள். ஒலியிலிருந்து எழுத்துக்கு, எழுத்திலிருந்து சொல்லுக்கு, சொல்லிலிருந்து சிறு வாக்கியத்துக்கு என்று படிப்படியாகப் போங்கள். ஒரு குறியை எடுத்தால் அது வாய்க்குத் தானாக வரும்வரை அதிலேயே நில்லுங்கள். 'ஒ' குறி கற்பிக்கும் வாரத்தில் அந்தக் குறியும் ஏற்கெனவே தெரிந்த எழுத்துகளும் மட்டும் வரும் வாக்கியங்களை நீங்களே எழுதிக் கொடுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு மணி நேரம் உட்காரவைப்பதை விட தினமும் பதினைந்து நிமிடம் பல மடங்கு மேல். இந்தப் பிள்ளைகளுக்கு மறதி அவ்வளவு வேகம்.

கூடவே, வகுப்பில் அவன் மானத்தைக் காப்பாற்றுங்கள். முன்னறிவிப்பில்லாமல் எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம். வாசிக்க வைக்க வேண்டும் என்றால் முந்தின நாளே 'நாளைக்கு இந்த மூன்று வரி உனக்கு' என்று தனியாகச் சொல்லி, பழக்கிவிட்டு வாசிக்கச் செய்யுங்கள். சமூக அறிவியலிலும் அறிவியலிலும் வாயால் பதில் சொல்ல விடுங்கள். வாசிக்க வராததால் அறிவியலும் வராது என்று ஆக்கிவிடக் கூடாது.

செய்யத் தேவையில்லாதவை சிலவும் உண்டு. வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி என்று விற்பவர்கள் வருவார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் கண் மருத்துவர் அமைப்புகளும் 2009இல் கூட்டாக அறிக்கை வெளியிட்டு, இவற்றுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டன. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்துப் பாடம் நடத்தும் யோசனையையும் 2008இல் நான்கு உளவியலாளர்கள் அலசிப் பார்த்து, அதை ஆதரிக்கும் சான்று கிடைக்கவில்லை என்றே எழுதினார்கள். பெற்றோரின் பணமும் உங்கள் நேரமும் இதில் போக வேண்டாம்.

கணக்கில் பின்தங்குபவர்களை வேறு மாதிரி பார்க்க வேண்டும். விடைத்தாளில் பெருக்கல் குறி போட்டுத் தள்ளுவதற்கு முன், தவறான விடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். ஒரு பிள்ளை 52லிருந்து 27ஐக் கழித்து 35 என்கிறது. 63லிருந்து 29ஐக் கழித்து 46, 71லிருந்து 48ஐக் கழித்து 37 என்கிறது. மூன்றும் தப்பு. ஆனால் கவனக்குறைவா? இல்லை. ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்கிறது, மேலே இருப்பது எது கீழே இருப்பது எது என்று பார்ப்பதில்லை. அந்த விதியை அப்பழுக்கில்லாமல் பின்பற்றுகிறது. 'பெரியதிலிருந்து சிறியதைக் கழி' என்று முதல் வகுப்பில் யாரோ சொல்லிக்கொடுத்ததை உண்மையாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு இன்னும் நூறு கணக்கு கொடுத்தால் நூறும் இப்படித்தான் வரும். பத்துக் குச்சிகளைக் கட்டாகக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்து ஒன்றுகளோடு சேர்த்துக் காட்டினால் கடன் வாங்குவது என்றால் என்ன என்று புரியும். எண்ணின் அளவே மனதில் பிடிபடாத பிள்ளைகளும் உண்டு. 8 பெரியதா 5 பெரியதா என்பதற்குக்கூட விரலைத் தேடுவார்கள். டிஸ்கால்குலியா எனப்படும் இது நூற்றில் மூன்று முதல் ஏழு பேருக்கு இருக்கலாம் என்கிறார்கள், வாசிப்புச் சிக்கல் அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

'சொன்னதைக் கேட்பதில்லை' என்ற புகாருக்குப் பின்னால் இருப்பது பல சமயம் கீழ்ப்படியாமையே இல்லை. 'நோட்டை எடுத்து, தேதி போட்டு, போன வாரம் எழுதியதற்கு அடுத்த பக்கத்தில், பாடப் பயிற்சியில் இரண்டாவதையும் நான்காவதையும் மட்டும் செய்' என்கிறோம். இதில் எத்தனை கட்டளை என்று எண்ணிப் பாருங்கள். வந்த செய்தியைச் சற்று நேரம் மனதில் பிடித்துவைத்து வேலை செய்யும் நினைவு பெரியவர்களுக்கே நான்கு விஷயங்களுக்கு மேல் தாங்காது. சிறு பிள்ளைக்கு இன்னும் குறைவு, ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்குள்ளேயே பெரிய வித்தியாசம் உண்டு. அது குறைவாக உள்ள பிள்ளை நோட்டை எடுத்துவிட்டு நிற்கும். 'என்ன விழிக்கிறாய்?' என்போம். ஒரு நேரத்தில் ஒன்று சொல்லுங்கள், மீதியைப் பலகையில் எழுதிவிடுங்கள். எந்தச் செலவும் இல்லாத இந்த ஒரு மாற்றம் பல 'அடங்காத' பிள்ளைகளை அடக்கிவிடும்.

பேசும் மொழியைப் புரிந்துகொள்வதிலேயே சிக்கல் உள்ள பிள்ளைகளும் இருக்கிறார்கள், சுமார் 7 சதவீதம். முப்பத்தெட்டு பேரில் இரண்டு மூன்று பேர் என்று கணக்கு. பேசுவார்கள், சிரிப்பார்கள், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. நீளமான வாக்கியம், 'செய்யாவிட்டால்', 'அதற்கு முன்பு' மாதிரியான சொற்கள் வரும்போது விட்டுவிடுவார்கள். சண்டையில் 'என்ன நடந்தது?' என்று கேட்டால் வரிசையாகச் சொல்லத் தெரியாது, ஆகவே எப்போதும் இவர்கள் பக்கமே தப்பு என்று முடியும். பேச்சு மொழிப் பயிற்சியாளரிடம் அனுப்ப வேண்டிய பிள்ளைகள் இவர்கள்.

ஏ.டி.எச்.டி. பற்றிக் கொஞ்சம். 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவில் குறையில்லாமல் ஆனால் தன்னைக் கட்டுப்படுத்த முடியாத பிள்ளைகளைப் பற்றி உரையாற்றினார். இதன் வரலாற்றை அங்கிருந்து தொடங்குவது வழக்கம். உலக அளவில் பிள்ளைகளில் ஏறக்குறைய 5 சதவீதம் பேருக்கு இருப்பதாகக் கணிக்கிறார்கள். ஓடிக்கொண்டே இருக்கும் பையனை எல்லோரும் கவனித்துவிடுவார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து, கேட்டால் புன்னகைத்து, வேலையை முடிக்காமலேயே நாளைக் கழிக்கும் பெண் பிள்ளைக்கும் இது இருக்கலாம், அவளை யாரும் கண்டுகொள்வதில்லை. இன்னொரு பக்கம், வகுப்பிலேயே வயதில் இளையவர்களாக இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் அதிகமாகச் சூட்டப்படுகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பதினோரு மாதம் சின்னவனை மூத்தவனோடு ஒப்பிட்டுவிடுகிறோம். ஆகவே பெயர் சூட்டுவதற்கு முன் பிறந்த தேதியைப் பாருங்கள். சூட்டுவதும் நம் வேலை இல்லை, அது மருத்துவரின் வேலை.

பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வகுப்பில் செய்ய வேண்டியது ஏறக்குறைய ஒன்றே. பத்துக் கணக்கை ஒரே தாளில் கொடுக்காமல் ஐந்தைந்தாகக் கொடுங்கள், முதல் ஐந்தை முடித்து உங்கள் மேசைக்குக் கொண்டுவரட்டும். நடப்பதற்கு நியாயமான காரணம் கிடைத்துவிடுகிறது. நோட்டுகளை விநியோகிப்பது, பலகையைத் துடைப்பது போன்ற வேலைகளை அவனுக்கே கொடுங்கள். நின்றுகொண்டு எழுதினால் யாருக்கும் தொந்தரவில்லை என்றால் நிற்கட்டும். பாராட்டோ திருத்தமோ அந்த நிமிடமே வர வேண்டும். வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று திங்கள்கிழமை சொல்லும் பரிசு இவர்களுக்குக் காதிலேயே ஏறாது.

இனி நடத்தை. இங்கே நான் முதலில் ஒரு ஆய்வைச் சொல்கிறேன், ஏனென்றால் அது அரை நூற்றாண்டு கழித்தும் நிற்கிறது. 1968இல் மாட்சன், பெக்கர், தாமஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் விதி சொல்வது, கண்டுகொள்ளாமல் விடுவது, பாராட்டுவது என்ற மூன்று விஷயங்களை வகுப்பறையில் சோதித்தார்கள். விதிகளை மட்டும் சொன்னபோது ஒன்றும் பெரிதாக மாறவில்லை. தவறான நடத்தையைக் கண்டுகொள்ளாமல் விட்டு, அதோடு சரியாக நடப்பதைப் பாராட்டவும் செய்தபோது வகுப்பு கணிசமாக மாறியது. பாராட்டே திறவுகோலாக இருக்கக்கூடும் என்று முடித்தார்கள். நம் வகுப்பறைகளில் நடப்பது இதன் தலைகீழ். விதியை எழுதி ஒட்டுகிறோம், மீறினால் கவனிக்கிறோம், ஒழுங்காக இருந்தால் 'அப்பாடா' என்று திரும்பிக்கொள்கிறோம்.

பாராட்டு என்றால் 'வெரிகுட்' இல்லை. 'புத்தகத்தை நீயாகவே எடுத்துவைத்துவிட்டாய்' என்று நடந்ததைப் பெயர் சொல்லிக் கூறுவது. சீண்டும் பையன் சீண்டாமல் இருக்கும் இரண்டு நிமிடங்களைப் பிடிக்க வேண்டும். அவன் மேசையைத் தாண்டும்போது குனிந்து மெதுவாகச் சொன்னால் போதும். பல பிள்ளைகளுக்கு, முக்கியமாக வளர்ந்த பிள்ளைகளுக்கு, எல்லோர் முன்னாலும் பாராட்டுவது கூச்சமாக இருக்கும்.

கண்டுகொள்ளாமல் விடுவதில் ஒரு கண்ணி இருக்கிறது. இதுவரை கவனம் வாங்கித்தந்த சேட்டை திடீரென்று பலிக்கவில்லை என்றால், பிள்ளை முதலில் அதை அதிகமாகச் செய்யும். இரண்டு மூன்று நாள் நிலைமை மோசமாகத்தான் தெரியும். அந்த நேரத்தில் பொறுமை இழந்து கத்திவிட்டால், 'இன்னும் கொஞ்சம் அதிகமாகச் செய்தால் கிடைக்கும்' என்று நாமே கற்றுக்கொடுத்ததாகிவிடும். அதேபோல், அடுத்தவருக்கு அடிபடும் விஷயத்தைக் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது. அதை உடனே, குறைந்த சொற்களில், முகத்தில் கோபமில்லாமல் நிறுத்த வேண்டும்.

பிள்ளை ஏற்கெனவே கொதித்துவிட்டால் அந்த நேரத்தில் புத்தி சொல்லிப் பயனில்லை. 'ஏன் செய்தாய்?' என்ற கேள்விக்கு அப்போது பதில் இருக்காது. தள்ளி நின்று, குரலைத் தாழ்த்தி, இரண்டே வழி கொடுங்கள்: 'இங்கேயே உட்காருகிறாயா, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறாயா?' மற்றதை மாலையில் பேசிக்கொள்ளலாம். அடிப்பது பற்றி ஒரே வரி: வேண்டாம், எந்த அளவிலும் வேண்டாம். அடி வாங்கும் பிள்ளை ஆசிரியரைத் தவிர்க்கவும் மறைக்கவும் கற்றுக்கொள்கிறது, வாசிக்கக் கற்றுக்கொள்வதில்லை.

ஜேக்கப் கூனின் என்ற உளவியலாளர் பல வகுப்புகளைப் பதிவுசெய்து அலசி 1970இல் எழுதினார். நன்றாக நடக்கும் வகுப்புக்கும் கலைந்துகிடக்கும் வகுப்புக்கும் இடையே, தவறு நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டித்தார் என்பதில் வித்தியாசமே தெரியவில்லை. வித்தியாசம் அதற்கு முன்னால் இருந்தது. யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்று ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது, ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது இடைவெளி விழவில்லை. உங்கள் நோட்டில் பாருங்கள், பாதிச் சண்டைகள் புத்தகம் மாற்றும் அந்த மூன்று நிமிடத்தில்தான் நடந்திருக்கும்.

கேள்வி கேட்கும்போது இன்னொரு சின்ன மாற்றம். மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970களில் அளந்து பார்த்ததில், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, 'தெரியாது' குறைந்தது, பின்தங்கியவர்கள் என்று நினைத்த பிள்ளைகளும் பேச ஆரம்பித்தார்கள். மூன்று நொடி மௌனம் வகுப்பில் நிற்பவருக்கு யுகமாகத் தோன்றும். மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியில் வராத பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சத்தம் போடும் ஒருவன் மேல் நம் கண் இருக்கும்போது, அந்த ஐவரில் மற்ற நான்கு பேர் அமைதியாகப் பின்தங்கிக்கொண்டிருக்கிறார்கள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், பலகையில் உள்ளதை ஒரு புள்ளி மாறாமல் எழுதியிருப்பாள், எழுதியதை வாசி என்றால் வராது. வீட்டில் கலகலவென்று பேசி, வகுப்பில் மாதக்கணக்கில் ஒரு சொல்கூடப் பேசாத பிள்ளை இருந்தால் அது பிடிவாதம் இல்லை, பதற்றம். வற்புறுத்தினால் கூடும். நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று மாறினால், தூங்கி விழுந்தால், தொட்டால் துணுக்குற்றால், முதலில் வரவேண்டிய கேள்வி படிப்பைப் பற்றியதாக இருக்கக் கூடாது. அந்தப் பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறதா என்பதுதான். அதை உங்களோடு வைத்துக்கொள்ளாமல் தலைமையாசிரியரிடமும் குழந்தைப் பாதுகாப்புக்கு உரியவரிடமும் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும்.

பெற்றோரை மறுபடி அழைக்கும்போது கையில் நோட்டோடு பேசுங்கள். போன முறை புகாரைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் பையனை அடித்திருப்பார்கள், அல்லது உங்கள் மேல் கோபப்பட்டிருப்பார்கள். இந்த முறை அவன் நன்றாகச் செய்யும் ஒன்றை உண்மையாகவே சொல்லித் தொடங்குங்கள். 'கணக்கில் வாயால் கேட்டால் உடனே சொல்கிறான், வாசிக்க வரும்போது மட்டும் இப்படி ஆகிறது, வீட்டில் எப்படி?' என்று கேளுங்கள். பேச ஆரம்பித்தது எப்போது, காது வலி வந்ததா, எத்தனை மணிக்குத் தூங்குகிறான், குடும்பத்தில் வேறு யாருக்காவது வாசிப்பு தாமதமாக வந்ததா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அப்பா தலையைக் குனிந்து 'எனக்குத்தான்' என்பார் பல வீடுகளில். டிஸ்லெக்ஸியா குடும்பத்தில் தொடர்வது, அதனால் இது வியப்பில்லை. நோயின் பெயர் எதையும் நீங்கள் சொல்ல வேண்டாம். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்.

எப்போது நிபுணரிடம் அனுப்புவது? காது, கண், வலிப்பு சந்தேகம் என்றால் உடனே. வாசிப்பு, கணக்கு என்றால், நான் சொன்ன தினசரி பதினைந்து நிமிடத்தை இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்து, வாரம் ஒருமுறை ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் சரியாக வாசிக்கிறான் என்று குறித்துவாருங்கள். அந்த எண் ஏறிக்கொண்டே இருந்தால் தொடருங்கள். மற்ற நால்வருக்கும் ஏறி, அவனுக்கு மட்டும் நகரவில்லை என்றால் முறையான மதிப்பீடு தேவை. அனுப்பும்போது 'படிப்பில் கவனமில்லை' என்று ஒரு வரிக் கடிதம் கொடுத்து அனுப்பாதீர்கள். மூன்று பத்தி நோட்டின் இரண்டு வாரப் பக்கங்கள், திருத்தப்படாத ஒரு சொல்வதெழுதுதல் தாள், வாராந்தர வாசிப்பு எண்கள், நீங்கள் இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள், அதில் எது கொஞ்சமாவது பலித்தது என்ற குறிப்பு, இவ்வளவையும் நகலெடுத்துப் பெற்றோர் கையில் கொடுத்தனுப்புங்கள். அரை மணி நேரம் மட்டும் பிள்ளையைப் பார்க்கப்போகும் நிபுணருக்கு இதைவிட உதவியான பொருள் வேறு கிடையாது.